வளரும் பிள்ளைகளின் தேக நலம்

தாம்பரம் என்றதும் தமிழ் மக்களுக்கு நெடுங்காலமாக முதலில் நினைவுக்கு வருவது சானடோரியம். 1928ஆம் வருஷத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து பச்சைமலையின் அடிவாரத்தில் க்ஷயரோகிகளுக்காக அதை நிறுவினார்; 1937இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் ஒரு ரயில் நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல காற்றும் நல்ல ஆகாரமும் ஓய்வும் கிடைத்தால் க்ஷயம் தணியும் என்பது டாக்டர் முத்துவின் நம்பிக்கை. அவை வீட்டிலேயே கிடைத்திருந்தால் அந்த நோயாளிகளில் எத்தனை பேர் தாம்பரத்துக்கு ரயிலேறியிருப்பார்கள் என்ற கேள்வி அன்று எழுந்திருக்க வேண்டும். எழுந்ததோ இல்லையோ, இன்று நாம் அதை எழுப்ப விரும்புகிறோம். க்ஷயரோகிகளைப் பற்றியல்ல, பள்ளிக்கூடம் போகும் நமது பிள்ளைகளைப் பற்றி.

சானடோரியத்திலிருந்து சில மைல் தொலைவில் இருக்கிறது சேலையூர். கிறிஸ்தவக் கலாசாலை சென்னை நகரை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதற்குக் கிடைத்த நிலம் சேலையூர்க் காடு. இன்று காடு என்று சொல்லத்தக்கது கலாசாலையின் வேலிக்குள் மாத்திரமே இருக்கிறது. வெளியே காம்ப் ரோடு சந்திப்பும், ராஜகீழ்ப்பாக்கம் போகும் சாலையும், ஏரிக்கரை வரை நெருங்கிவிட்ட வீடுகளுமாக ஊர் ஊதிப்போயிருக்கிறது. 2021ஆம் வருஷத்தில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. அதில் 70 வட்டங்கள். பெயர் பெரிதாயிற்று. வீட்டு வரி ரசீதில் தலைப்பு மாறிற்று. சேலையூரின் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தேகத்தை யார் கவனிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை மாறிற்றா?

நடந்திருக்கும் நன்மையை மறைத்துப் பேசுவது நமது வழக்கமன்று. தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றிக் கூறும் கணக்குகளைப் பாருங்கள். 2015-16இல் தடுப்பூசிகள் முழுவதும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 69.7, 2019-21இல் 89.2. பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 வைத்தியசாலைகளில் நடக்கின்றன. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் மடிவது 18.6 ஆகக் குறைந்திருக்கிறது. கிராம நர்ஸுகளும் அங்கன்வாடி ஊழியர்களும் தெருத் தெருவாக நடந்து சாதித்த காரியம் இது. வடக்கே உள்ள பல ராஜ்யங்கள் இதைக் கண்டு ஏங்குகின்றன.

ஆனால் அதே ஆய்வின் அதே ஏட்டில் வேறொரு வரியும் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தச் சோகை உள்ளவர் 2015-16இல் நூற்றுக்கு 50.7, 2019-21இல் 57.4. ஏறியிருக்கிறது! பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் 54.2 ஆக இருந்தது 52.9 ஆயிற்று. இதைக் குறைவு என்று சொல்வதானால், கடலில் ஒரு குடம் மொண்டதையும் குறைவு என்றே சொல்லலாம். பிரசவத்துக்குக் கட்டில் கொடுத்தோம், ஊசி போட்டோம், பிழைக்க வைத்தோம். பிழைத்த பிள்ளையின் உடம்பில் ரத்தம் ஊறச் செய்ய நமக்குத் தெரியவில்லை. இவ்விரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை. சோகை பிடித்த பெண் தாயாகிறாள். அவள் பெறும் குழந்தை எடை குறைந்து, இரும்புச் சத்தின் சேமிப்புக் குறைந்து பிறக்கிறது. அக்குழந்தை பெண்ணாயின் இன்னொரு பதினைந்து வருஷத்தில் அதே பட்டியலில் அவள் பெயர் ஏறுகிறது.

சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் புலப்படும். ராஜாஜி மந்திரிசபையில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தபோது இயற்றப்பட்ட 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. தாய் சேய் நலத்துக்கு ஸ்தல ஸ்தாபனங்களை அது பொறுப்பாக்கிற்று. அக்காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் தாயும் அல்லள், சேயும் அல்லள். வளரிளம் பருவத்தினருக்கென்று தேசிய அளவில் ஒரு தனித் திட்டம் வந்தது 2014ஆம் வருஷத்தில்தான். பத்து முதல் பத்தொன்பது வயது வரையில் உள்ளவர்களின் ஆகாரம், மனநிலை, போதைப் பழக்கம், இனவிருத்தி சம்பந்தமான நலம் முதலிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். காகிதத்தில் குறையொன்றும் இல்லை.

நடைமுறையைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு முறை வளரிளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நீல நிறமானது. சாப்பிட்ட பின் விழுங்க வேண்டியது அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், சில சமயம் வாந்தி வரும். ஒருத்தி வாந்தியெடுத்தால் வகுப்பு முழுவதும் மறுவாரம் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும். ஆசிரியையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாத்திரையைக் குறை சொல்லியும் பயனில்லை. காலையில் அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டும். ஒரு டம்ளர் தேநீர் என்பாள். வயிற்றில் ஆகாரம் இல்லாததோடு, இரும்புச் சத்தை உடம்பு ஏற்காதபடி தடுப்பதும் அந்தத் தேநீரே.

1920இல் சென்னை ஆயிரம்விளக்கில் நகரசபைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க ஏற்பாடு செய்தவர் ஸர் பிட்டி தியாகராயர். தேசியப் பத்திரிகைகள் அவர் கட்சியை அந்நாளில் கடுமையாகக் கண்டித்தன. எனினும் அந்தச் சிற்றுண்டியை யாரும் கண்டிக்க முடியாது. 1956இல் காமராஜர் மதிய உணவை ராஜ்யம் முழுவதற்கும் உரியதாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கிற்று. 2023இல் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் யாவற்றுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்றது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழ்நாடு தன் பிள்ளைகளின் வயிற்றை நினைத்து வந்திருக்கிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் 2025இல் விரிந்தபோதும் அந்தக் காலையுணவு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் என்றே வகுக்கப்பட்டிருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிகிற பெண்ணுக்கு வயது பத்து அல்லது பதினொன்று. வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். எலும்பு நீளுகிற வயது அது. இன்னும் ஓரிரு வருஷத்தில் மாதவிடாய் தொடங்கி மாதந்தோறும் ரத்தம் போகிற வயது. வாழ்நாளில் ஆகாரம் மிக அதிகமாக வேண்டியிருக்கும் வயது. அந்த வயதில் காலைத் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு நீல மாத்திரையை வைக்கிறோம். இதைத் திட்டமிட்டு எந்த உத்தியோகஸ்தரும் செய்யவில்லை. ஒரு இலாகா உணவைப் பார்த்தது, மற்றோர் இலாகா மாத்திரையைப் பார்த்தது. பெண்ணைப் பார்த்தவர் இல்லை. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையும் உண்டு என்று சொல்வார்கள். சரி, அப்படியானால் மாத்திரையையாவது மதிய உணவுக்குப் பின், ஆசிரியை எதிரில், ஒரு துண்டு நெல்லிக்காயோடு கொடுப்பதற்கு எந்தக் கமிட்டியின் சிபாரிசு வேண்டும்? இது செலவில்லாத காரியம். செலவுள்ள காரியம், காலையுணவை எட்டாம் வகுப்பு வரையிலாவது கொண்டுபோவது. இரண்டையும் நாம் கேட்கிறோம்.

அடுத்தது, சீட்டு. 2013 முதல் வைத்தியக் குழுக்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைச் சோதிக்கும் ஏற்பாடு தேசம் முழுவதும் இருக்கிறது. கண் மங்கலா, காது கேட்கிறதா, பல் சொத்தையா, இருதயத்தில் கோளாறா என்று பார்த்து, குறை கண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டு எழுதியதோடு பதிவேட்டில் காரியம் முடிந்துவிடுகிறது. கோர்ட்டில் சார்வு ஆகாத சம்மனுக்காவது ஓர் அமீனா பதில் எழுத வேண்டும்; இந்தச் சீட்டுக்குப் பதில் எழுதுவார் யாரும் இல்லை. சேலையூர்ப் பக்கத்துத் தாயொருத்தி வேறு காரியமாக நம்மைப் பார்க்க வந்தபோது கைப்பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். மகனுடைய கண்ணுக்கு எழுதியது. ஒரு நாள் கூலியை விட்டுப் போனாளாம். இன்ன கிழமை வா என்றார்களாம். மறுபடி கூலியை விட அவளால் முடியவில்லை. பையன் பின் வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையை ஊகித்துக்கொண்டிருக்கிறான். ஒரு மூக்குக் கண்ணாடியின் விலைக்காக ஒரு வருஷப் படிப்பு போகிறது.

இந்தத் தாயின் நிலை அவளுடையது மாத்திரமல்ல. தாம்பரத்தில் 1984இல் ஏற்பட்ட ஏற்றுமதி உற்பத்தி மண்டலத்திலும், சுற்றுப்புறத்துத் தொழிற்சாலைகளிலும், அடுக்குமாடி வீடுகளிலும் வேலை செய்யும் ஸ்திரீகள் காலையில் சமையலை முடித்து வெளியே போனால் விளக்கு வைத்த பின்பே திரும்புகிறார்கள். காலை வேளையில் மட்டும் வைத்தியம் என்றால் அது அவர்களுக்கு இல்லாத வைத்தியம். இதை உணர்ந்தே 2023 ஜூனில் நகரங்களில் 500 நலவாழ்வு மையங்களை ஒரே நாளில் திறந்தபோது, காலையோடு மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரையிலும் வைத்தியர் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். மெச்சத் தகுந்த விதி. அந்த மாலை நேரத்தில் வாரத்துக்கு ஒரு நாளை, சேலையூரிலும் சுற்று வட்டாரத்திலும், வளரும் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிவைத்தால் என்ன? அன்று தாயும் மகளும் சேர்ந்தே வரலாம். மகளுக்கு ரத்தம் சோதிக்கும்போதே தாய்க்கும் சோதிக்கலாம். கைக்குழந்தை இருந்தால் அதையும் நிறுத்துப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் சர்க்கரை வியாதிக்காரருக்கும் ரத்தக் கொதிப்புக்காரருக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறார்களே, அந்த ஊழியர் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கும் அதே திண்ணையில்தான் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மாலை வேளையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளத்தக்க அறை வேண்டும். இதை நாம் அற்ப விஷயமாகக் கருதவில்லை. மாதவிடாயில் வலி, வெள்ளைப்படுதல், மனக்கலக்கம் இவற்றை வரிசையில் நிற்கும் ஆடவர் கேட்கும்படி எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொல்லவில்லை என்பதால் நோய் இல்லை என்று எழுதிவிடுகிறோம். இன்னும் கடினமான விஷயமும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டவள் கருவுற்றால் 2012ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி வைத்தியர் அதைப் போலீஸுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பெயர் வெளிவருமே என்று அஞ்சிக் குடும்பங்கள் போலி வைத்தியரிடம் போகின்றன. கருச்சிதைவு நாடும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் வேண்டினால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் அந்த அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் அறிந்தவர்களிலேயே இது எத்தனை பேருக்குத் தெரியும்? நலவாழ்வு மையத்தின் நர்ஸுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எந்த இலாகாவின் வேலை?

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அவை கிடைக்கும் இடம் பையனுக்குத் தெரிகிறது, இன்ஸ்பெக்டருக்குத் தெரிவதில்லை. பிடிபட்டவனைப் பள்ளியைவிட்டு விலக்குவது வைத்தியமாகாது.

பணம் ஏது என்று கேட்பவர்கள் எப்பொழுதும் உண்டு. நகரத்து நலவாழ்வு மையங்களுக்கு உயிர் கொடுத்த பதினைந்தாவது நிதிக் கமிஷனின் மானியம் 2021 முதல் 2026 வரைக்கென்று வகுக்கப்பட்டது. மானியத்தின் தவணையோடு வைத்தியரின் நியமனமும் முடிகிற தற்காலிக ஏற்பாட்டில் எந்தப் பெண்ணும் எந்த நர்ஸிடமும் மனம் விட்டுப் பேசப் பழகமாட்டாள். ஆளை நிலைப்படுத்துவதற்கு ராஜ்ய சர்க்காரும் மாநகராட்சியும் தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரமாக இடம் செய்ய வேண்டும். சாலை நடுவே அலங்கார விளக்குகளுக்கு இடம் இருக்கும்போது இதற்கு இல்லாமற் போகாது.

கேட்க வேண்டியவர்கள் யார்? 2022 நவம்பர் 1ஆம் தேதி நகர்ப்புறங்களில் முதன் முதலாக ஏரியா சபைகள் கூடியபோது, முதலமைச்சர் கலந்துகொள்ளத் தேர்ந்தது இந்தத் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலைத்தான். அந்தச் சபைகளில் சாக்கடையும் தெருவிளக்கும் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவையே. சேலையூரிலுள்ள நமது அரசியல் நண்பர்கள், எக்கட்சியினராயினும், அடுத்த சபையில் மூன்று கணக்குகளைக் கேட்கட்டும். வட்டத்திலுள்ள பள்ளிகளில் சென்ற வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதினார்கள், அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்பது ஒன்று. நலவாழ்வு மையத்தில் மாலை வேளையில் எத்தனை நாள் வைத்தியர் இருந்தார் என்பது மற்றொன்று. வளரிளம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தம் சோதிக்கப்பட்டது, எத்தனை பேருக்குக் குறைவு என்பது மூன்றாவது. கவுன்ஸிலர் பதில் சொல்ல முடியாவிட்டால், சொல்லக்கூடிய சுகாதார அதிகாரியை மறு சபைக்கு அழைத்து வரும்படி தீர்மானம் போடட்டும். பிள்ளைகளின் பெயர்களை நீக்கி, எண்களை மாத்திரம் நமக்கு அனுப்பினால் வட்டம் வட்டமாக இப்பத்திகளில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.