நோட்டுக்குப் பின்னால் இருந்த வெள்ளி

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கொழும்பில் கதவை மூடியபோது, இலங்கையர் கைகளில் இருந்த அதன் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிடும் போலிருந்தது. இலைநோய் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்திருந்தது. அவற்றை நம்பிக் கடன் கொடுத்த வங்கியும் கூடவே சரிந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பீதியைத் தணித்தார். பின்னர் நோட்டு வெளியிடும் உரிமை அரசின் நாணய ஆணையாளர்களிடம் சென்றது. வெளியாகும் நோட்டுகளுக்கு ஈடாக வெள்ளியோ பிணையப் பத்திரமோ கையிருப்பில் இருந்தாக வேண்டும் என்பது புதிய கட்டுப்பாடு. ஏற்றுமதி சுருங்கினால் நாட்டுக்குள் பணமும் வற்றிவிடும் அந்தக் குடியேற்றக்கால ஏற்பாட்டை, சுதந்திரம் பெற்ற நாடு தொடர விரும்பாததில் வியப்பில்லை. அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டரின் திட்டப்படி 1950 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி பிறந்தது. தன் தேவைக்கேற்பப் பணத்தை ஆளும் உரிமை நாட்டின் கைக்கு வந்தது.

அந்த உரிமைக்குரிய அடக்கம் மட்டும் கூட வரவில்லை. 1953இல் 25 சதத்துக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசி 70 சதமானதும் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வாக்குறுதியைக் குறைப்பதும் வரியைக் கூட்டுவதும் ஆட்சியையே பறித்துவிடும் என்ற அச்சம் அன்றுமுதல் எல்லாக் கட்சிகளுக்குள்ளும் குடிகொண்டது. விழுந்த துண்டைக் கடனும் அச்சடித்த காசும் மூடின. 1965இல் சர்வதேச நாணய நிதியத்துடன் முதல் உடன்படிக்கை கைச்சாத்தானது; 2023இல் வந்தது பதினேழாவது.

இடையில் 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் சந்தையைத் திறந்து, ரூபாயின் மதிப்பைக் கீழே இறக்கியது. பாண் வரிசையில் நின்று சலித்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவித்துத் தலைநிமிர்ந்திருந்த யாழ்ப்பாணத்து விவசாயி, வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் மூட்டைகளின் முன் விலை கேட்பாரின்றி நின்றான். திறந்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். யாரை முதலில் வெயிலில் நிறுத்துகிறோம் என்பதைச் சீர்திருத்தக்காரர்கள் அன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அரசின் செலவுப் பழக்கமோ, சந்தை திறந்த பின்னும் மாறவேயில்லை.

2019இன் பெரும் வரிக் குறைப்பும், அதைத் தொடர்ந்து வெள்ளமாய் அச்சிடப்பட்ட பணமும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்ற அறிவிப்பில் கொண்டுபோய் விட்டன. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. கோப்பி அழிந்த நாட்களைப் போலவே, இடிபாட்டின் மேல் நின்றுதான் புதிய சட்டம் எழுதப்பட்டது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்குக் காசு அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுக்கிறது. அந்தத் தடையை முழு மனதோடு வரவேற்கிறேன். வெள்ளியின் இடத்தில் இன்று ஒரு சட்டப்பிரிவு காவல் நிற்கிறது. அதைத் திருத்த நாடாளுமன்றப் பெரும்பான்மை போதும். பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்த தலைமுறை உயிரோடு இருக்கும்வரை அந்தத் துணிச்சல் எளிதில் யாருக்கும் வராது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வாக்களிக்கும் காலத்திலும் ஒரு வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும். இந்தப் பிரிவு ஏன் எழுதப்பட்டது என்பதை அவர்களுக்கு நாம்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும்.