மொய் எழுதும் ஆராய்ச்சி

ஒரு காலத்தில் அமெரிக்க இலக்கியத்தில் ஆராய்ச்சி பண்ண ஆசைப்பட்டவர்கள் ஹைதராபாத்துக்கு ரயிலேறினார்கள். 1964-ல் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் திறந்தார்கள். பிரமாதமான லைப்ரரி! ஊர் ஊராய் வாத்தியார்கள் பெட்டியோடு வந்து தங்கி, ஃபாக்னரையும் ஹெமிங்வேயையும் கரைத்துக் குடித்தார்கள். அப்புறம்தான் எழுதினார்கள்.

இப்போது? எங்கள் அரக்கோணத்தை விட்டு நகராமலே காரியம் முடிகிறது. தெரிந்த பிஎச்.டி. தம்பி ஒருவர், "கட்டுரை அச்சாயிடுச்சு சார்!" என்றார்.

"சபாஷ்! எவ்வளவு குடுத்தாங்க?"

"நான்தான் சார் குடுத்தேன். நாலாயிரம்."

"யாராவது படிச்சுத் திருத்தினாங்களா?"

"மூணே நாள்ல வந்துடுச்சு சார்!"

ஒழுங்கான இலக்கிய ஆய்விதழ்கள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. மாதக்கணக்கில் காக்கவைத்து, 'திருத்தி எழுது' என்று திருப்பி அனுப்பும். பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்பதை யு.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது. போலி இதழ்களை வடிகட்டப் போட்ட 'கேர்' பட்டியலையும் 2025-ல் கைவிட்டது. விதி போச்சு, பயம் போகவில்லை. வேலைக்குப் போனால் இன்டர்வியூவில் கேட்பார்களே!

நான் பி.காம். சரக்கையும் கொடுத்து, காசையும் கொடுத்தால் அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை, மொய். கல்யாண மொய்க்காவது பந்தியில் ஒரு சாப்பாடு உண்டு. இங்கே இலைகூடப் போடுவதில்லை!