முதல் கிலோமீட்டரில் ஜெயித்தவர்கள்

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நம் ஊரில் யாரைக் கேட்டாலும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான். “விசில் அடிச்சதும் பிச்சுக்கிட்டுப் போயிடு. முன்னால போனவன் முன்னாலயே இருப்பான்.” பி.டி. சார் சொல்கிறார், அப்பா சொல்கிறார், போன முறை பாதி வழியில் இறங்கி உட்கார்ந்த அண்ணனும் அதையேதான் சொல்கிறார். யாரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பந்தயத்தின் தொடக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டம் அங்கேதான் நிற்கிறது, போட்டோவும் அங்கேதான் எடுக்கிறார்கள். பதினோராவது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் கிடையாது.

ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்த நாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டும் இதில் சேர்த்தி. 13, 15, 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, பிரிவுக்கு ஏற்ப 10, 15, 20 கிலோமீட்டர். இந்தப் போட்டியின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும், கியர் வண்டி கூடாது. ஒரே விதியில் அப்பாவின் பணத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த வண்டியோடு வருகிற பிள்ளையும், கடையில் புதிதாக வாங்கி வருகிற பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே இரும்பின் மேல் உட்கார்கிறார்கள். அப்படியானால் மிச்சமிருப்பது இரண்டே விஷயம். இருக்கிற பலத்தை எப்படிப் பங்கிட்டுச் செலவழிக்கிறோம் என்பது ஒன்று, வண்டி அந்தப் பலத்தில் எவ்வளவைத் தின்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. “விடாத, அடி, அடி!” என்று கத்துவதோடு நம் பயிற்சி முடிந்துவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். இருபது கிலோமீட்டர் பந்தயத்தில் ஒரு பையன் முதல் பத்தை 32 கி.மீ. வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகிறான். அப்புறம் கால் கல்லாகி, மீதிப் பத்தை 24-ல் முடிக்கிறான். சராசரி 28 என்று நினைத்துக்கொள்வான். இல்லை. முதல் பாதிக்கு 18 நிமிடம் 45 விநாடி, இரண்டாம் பாதிக்கு 25 நிமிடம், மொத்தம் 43 நிமிடம் 45 விநாடி. தொடக்கத்திலிருந்து கடைசிவரை 28-லேயே போன பையனுக்கு ஆவது 42 நிமிடம் 51 விநாடி. ஏறக்குறைய ஒரு நிமிடம் போய்விட்டது. வேகமாகப் போன பாதியில் நாம் குறைந்த நேரமே இருக்கிறோம், மெதுவாகப் போன பாதியில்தான் அதிக நேரம் கிடக்கிறோம். முன்னால் சேர்த்து வைத்த நேரம் பின்னால் இழந்ததை ஒருநாளும் ஈடுகட்டாது என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டாம்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. இரண்டு பையன்களும் ஒரே அளவு உழைத்தார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. சமதரையில் 30-ஐ நெருங்கும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆக, பிய்த்துக்கொண்டு போனவன் அதிகமாக உழைத்து, தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறான்.

உடம்பும் இந்த அவசரத்துக்குத் துணை போகிறது, அதுதான் சிக்கல். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே மிதிக்கும்வரை மூச்சு தருகிற ஆக்சிஜன் தசைக்குப் போதும், நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். அதைத் தாண்டி மிதித்தால் தனியாக உள்ள சின்னக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தக் கையிருப்பு சில நிமிடங்களில் காலியாகும். மறுபடி நிரம்ப வேண்டுமானால் எல்லைக்குக் கீழே இறங்கி மெதுவாகப் போக வேண்டும், பந்தயத்தில் அதற்கு யார் விடுவார்கள்? விசில் அடித்த முதல் இரண்டு நிமிடத்தில் காலுக்கு எதுவுமே பாரமாகத் தெரியாது. இதயத் துடிப்பும் உடனே ஏறிவிடாது, உழைப்புக்குப் பின்னாலேயே வரும். கையில் துடிப்புக் காட்டும் கடிகாரம் கட்டியிருக்கிற பெரியவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘இன்னும் 140-தானே’ என்று அழுத்துவார்கள், அது 175-ஐத் தொடும்போது கதை முடிந்திருக்கும். செப்டம்பர் வெயிலில் உடம்புச் சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். முதல் மூன்று கிலோமீட்டர் ‘இது ரொம்ப மெதுவா இருக்கே’ என்று தோன்றினால் சரியான வேகத்தில் போகிறோம் என்று அர்த்தம். இதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான். அவன் பக்கத்தில் நாற்பது பேர் பறந்துகொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளை விடுங்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி, பரனூர் சுங்கச்சாவடி, கொளவாய் ஏரி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று மாமல்லபுரம்வரை போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். உலகம் முழுக்கத் தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டி போடுகிறவர்களுக்குப் பழக்கமான தூரம் இது. சென்னைப் புறநகரின் ஐ.டி. இளைஞர்கள் ஞாயிறு விடியலில் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஒரகடம் திரும்புகிற லாரிகளுக்கு நடுவே லட்ச ரூபாய் கார்பன் வண்டிகள் மினுங்கும். இவர்களுடைய மூடநம்பிக்கை பிள்ளைகளுடையதைவிடக் கொஞ்சம் படித்தது. “காத்து பின்னாடி இருக்கும்போது அள்ளிக்கணும். திரும்பும்போது எப்படியும் சாகத்தானே போறோம்” என்பார்கள்.

கோடையில் இந்தப் பகுதியில் விடியலில் தரையிலிருந்து கடல் பக்கமாக மேல்காற்று வீசும். மாமல்லபுரம் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மீட்டரில் 40 தெரியும். ‘இன்னைக்கு நம்ம காலே காலு’ என்று தோன்றும். காலும் இல்லை, ஒன்றும் இல்லை, காற்று. பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிப் போய் இளநீர் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பியதும் உண்மை தெரிந்துவிடும். அள்ளிக்கொள்ளச் சொல்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்று சாதகமான 20 கிலோமீட்டரை 40-ல் போகிறவர் உயிரைக் கொடுத்து 41 ஆக்கினால் மிச்சமாவது 44 விநாடி. எதிர்காற்றில் அதே 20 கிலோமீட்டரை 26-ல் போகிறவர் 27 ஆக்கினால் மிச்சமாவது 1 நிமிடம் 43 விநாடி.  அதாவது இவர்கள் செய்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். காற்று தள்ளும்போது கொஞ்சம் அடக்கி வாசித்து, காற்று முகத்தில் அடிக்கும்போதும் மேட்டிலும் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். ‘கொஞ்சம்’ என்றால் கொஞ்சம்தான். சீராக இருக்க வேண்டியது உழைப்பு. மீட்டரில் தெரிகிற எண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது இன்னொரு மூடத்தனம்.

(லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போய் ‘48 தொட்டேன்’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதமே இல்லை. அவர்கள் வீட்டாரோடு பேச வேண்டும்.)

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஓடுபாதையில் ஒரு கிலோமீட்டர் பந்தயம் என்றால் நின்ற இடத்திலிருந்து முழு பலத்தோடு கிளம்புவதுதான் சரி, அது ஒரு நிமிடத்துச் சங்கதி. மேலக்கோட்டையூரில் உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் சைக்கிள் ஓடுபாதையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் அப்படித்தான் கிளம்பியாக வேண்டும். கும்பலாகக் கிளம்பும் சாலைப் பந்தயத்திலும் முன்கூட்டத்தை விட்டுவிட்டால், அவர்கள் முதுகு தருகிற காற்று மறைவு போய்விடும். அண்ணா பிறந்த நாள் போட்டியும் கும்பல் பந்தயம்தான். ஆனால் முன்கூட்டத்தில் ஒருவராக ஒதுங்கி இருப்பது வேறு, கூட்டத்துக்கே தலைமை தாங்கிக் காற்றை வாங்கிக்கொண்டு போவது வேறு. நம் அறிவுரை இரண்டாவதைத்தான் சொல்லித்தருகிறது. பின்னால் வருகிற நாற்பது பேருக்கும் இலவசமாக மறைவு கொடுத்துவிட்டுப் பதினைந்தாவது கிலோமீட்டரில் இறங்கி நிற்பதற்குப் பெயர் வீரம் என்றால், சரி, வீரம்தான்.

எடி மெர்க்ஸ் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். தொடக்கத்தில் புயல்போலப் போய், போகிற போக்கில் 10, 20 கிலோமீட்டர் சாதனைகளையும் முறித்தார். உண்மை. அந்தக் காலத்தின் ஈடிணையற்ற வீரர் அவர். அவரே கடைசிக் கட்டத்தில் வதைபட்டார், அதற்குப் பிறகு அந்தச் சாதனைக்கு மறுபடி முயலவே இல்லை. மெர்க்ஸாக இருந்தால் அப்படிக் கிளம்பலாம். எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் கிரெக் லெமாண்ட். 1989 ஜூலை 23, பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம். முதலிடத்தில் இருந்த லோரான் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். வழியில் எனக்கு நேரம் எதுவும் சொல்லாதீர்கள் என்று தன் குழுவிடம் சொல்லிவிட்டே கிளம்பினார். எதிராளி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல், தன் மூச்சின் அளவை மட்டும் பார்த்து ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் ஜெயித்தார். பாதிப் பெருமை அவர் மாட்டியிருந்த புதுமாதிரிக் கைப்பிடிக்கும் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசத்துக்கும் போக வேண்டும் என்பதை மறைக்கவில்லை.

கைப்பிடி என்றதும் வண்டிக்கு வருவோம். அங்கேயும் இதே புத்திதான். வண்டியை வாங்கும் நாளில் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் வைக்கிறோம், அதோடு சரி. ரேஸுக்கு முதல் நாள் கடையில் விட்டு, “எல்லாம் டைட் பண்ணிடுங்கண்ணே” என்கிறோம். எல்லாவற்றையும் டைட் பண்ணுவதுதான் ஒரு வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதி. ஹப்பில் கோனை இறுக்கிவிட்டால் பால்ரஸ் உருள்வதற்குப் பதில் அரைபடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றிவிட்டு வேடிக்கை பாருங்கள். நிற்கப்போகும் நேரத்தில் வால்வு இருக்கிற பாரமான பக்கம் கீழே வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்து, இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு நிற்க வேண்டும். சட்டென்று செத்ததுபோல் நின்றால் கோன் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் ‘சர்க்’ என்று கேட்டால் வீலில் பெண்டு எடுக்க வேண்டும். அந்த உரசலோடு இருபது கிலோமீட்டர் ஓட்டுகிற பிள்ளை பந்தயம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறது. அதற்குப் போய் ‘ஸ்டாமினா பத்தல’ என்று பெயர் வைக்கிறோம்.

செயின் கதை இன்னும் மோசம். கடற்கரைச் சாலையில் போய் வந்த வண்டியின் செயினை விரலால் தொட்டால் கறுப்பாக ஒரு பசை ஒட்டும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கும். பழைய எண்ணெயும் கடல் மணலும் கலந்த உப்புத்தாள் அது. நம்மவர்கள் அதன் மேலேயே இன்னும் எண்ணெய் ஊற்றுவார்கள், மெக்கானிக் கடையில் வடித்த வேஸ்ட் ஆயிலாக இருந்தால் இன்னும் திருப்தி. வீட்டில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் நின்றுவிடும், தேய்மானம் நிற்காது. சுத்தமாக, அளவாக எண்ணெய் விட்ட செயின் நாம் மிதிப்பதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். வேண்டியது ஒரு பழைய பனியன் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், இருபது நிமிடம். துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே வழிந்ததை எல்லாம் மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு உள்ளே வேலை, வெளியே அது மணலைப் பிடித்து வைக்கத்தான் உதவும். துடைத்த கையோடு அளவு டேப்பை வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டுவிட்டு எண்ணினால் வருகிற இருபத்து நாலாவது பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம். பன்னிரண்டேகால் அரைக்கால் என்றெல்லாம் போக வேண்டாம், அரைக்கால் அங்குலம் கூடினாலே பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அதற்குப் பாதி கூடும்போதே செயினை மட்டும் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும்.

தண்ணீர் சர்வீஸ் நிலையத்தில் அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவுவதையும் நிறுத்தலாம். உப்பு போகும், கூடவே ஹப்புக்குள் இருக்கும் கிரீஸும் போகும். ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் ஈரத்துணியும் போதும்.

அடுத்த செப்டம்பருக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது கிலோமீட்டர் பாதையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் ஆசிரியரைக் கையில் கடிகாரமும் நோட்டுமாக நிறுத்துங்கள். நெஞ்சில் ஒட்டிய எண்ணைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் கடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பரிசு கொடுத்து முடித்ததும் அந்த நான்கு பக்கங்களையும் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் முதலில் வந்தவர்கள் கடைசி ஐந்தில் எங்கே இருந்தார்கள் என்று பிள்ளைகளே விரல் வைத்துத் தேடிக்கொள்வார்கள். பி.டி. சாரும் அப்பாவும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.