நான்கரை நிமிடமும் ஒரு மாணவியின் சுவரொட்டியும்

ரமழான் நெருங்கும்போது நம் கைப்பேசிகளில் வந்து விழும் வாழ்த்துப் படங்களை நாம் ஒருமுறையேனும் நிதானமாகப் பார்த்திருக்கிறோமா? ஒரு பிறை, இரண்டு மினாராக்கள், பேரீச்ச மரம், மணல்மேட்டில் வரிசையாகச் செல்லும் ஒட்டகங்கள், எகிப்து மக்கள் நோன்பு இரவுகளில் ஏற்றிவைக்கும் ஃபானூஸ் விளக்கு. அனுப்புகிறவர் போளூரில் இருந்தாலும் புளியங்குடியில் இருந்தாலும் படம் மாறுவதில்லை. அஸர் தொழுகைக்குப் பின் நோன்புக் கஞ்சிக்காக நம் பள்ளிவாசல் திண்ணையில் வரிசை பிடித்திருக்கும் தூக்குவாளிகளை எந்த வாழ்த்துப் படத்திலும் நாம் கண்டதில்லை. ஒட்டகத்தை வாழ்நாளில் இரண்டு முறை பார்த்தவர்கள் நாம். தூக்குவாளியோடு வளர்ந்தவர்கள்.

போளூரைச் சேர்ந்த, வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருவரின் சங்கடத்தை அண்மையில் கேட்க நேர்ந்தபோது இந்த எண்ணம்தான் முதலில் எழுந்தது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக மூன்று கருத்துகளை அவர் ஆசிரியரிடம் கொண்டு சென்றிருக்கிறார், மூன்றும் திரும்பிவிட்டன. “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை நான் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறேனே” என்பதே ஆசிரியர் சொன்ன ஒரே குறை. மாணவியால் அதை மறுக்க முடியவில்லை. பின்டரெஸ்டில் நள்ளிரவு வரை தேடி, பிடித்தவற்றைச் சேர்த்துவைத்து, அவற்றின் சாயலில் வரைந்தவைதாம் மூன்றும். வீட்டிலோ அத்தாவுக்கு வேறு கவலை. படம் போடக் கற்றுக்கொள்ளவா இத்தனை கட்டணம், இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டு அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தால் என்ன என்று அவர் கேட்கத் தொடங்கியிருந்தார். ஆக, அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது வெறும் ஒரு ‘ஐடியா’ அன்று. தன் படிப்பு எதற்குப் பயன்படும் என்று வீட்டாருக்குச் சொல்ல ஒரு விடை.

கோளாறு தேடிய வரிசையில் இருக்கிறது என்பது நம் கருத்து. அவர் முதலில் படத்தைத் தேடினார்; அந்தப் படம் யாருக்கு, எதற்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டார். அத்தகைய தளங்கள் நாம் ஒன்றைத் தொட்டால் அதைப் போன்ற பத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் விதத்தில் அமைந்தவை. ஒரு ஃபானூஸைத் தொட்டவருக்கு நூறு ஃபானூஸ்கள் கிடைக்கும், தூக்குவாளி கிடைக்காது. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும், உலகில் மிகுதியாக இருக்கும் படங்களின் சாயல்தான் முதலில் வந்து நிற்கிறது. இவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை; இவற்றிடம் போகும் முன் கையில் ஒரு கேள்வி இருக்கட்டும் என்கிறோம்.

அந்தக் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நம் மார்க்க வரலாற்றிலேயே தெளிவான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ரோமாபுரி மன்னருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இடப்படாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துரைத்தார்கள். அதன் பின்னரே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. அதில் மூன்று சொற்கள், மூன்று வரிகளில்: ‘முஹம்மத்’ ஒரு வரி, ‘ரஸூல்’ ஒரு வரி, ‘அல்லாஹ்’ ஒரு வரி. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. ஒரு வடிவமைப்பாளரின் கண்ணோடு இதைப் பாருங்கள். படிப்பவர் யார், அவருடைய வழக்கம் என்ன, எந்தத் தடையால் அவர் படிக்காமல் போவார் என்பவை முதலில் தெரிந்தன. விரலளவு இடத்தில் என்ன எழுதுவது, எப்படி அடுக்குவது என்பது அதற்கு அடுத்தபடியாக வந்தது.

குர்ஆன் எழுத்துகளின் குறிகளும் இப்படி வந்தவையே. அரபியரல்லாத மக்கள் பெருவாரியாக இஸ்லாத்தை ஏற்றபோது, உயிர்க்குறி இல்லாத எழுத்தைப் பிழையாக ஓதிவிடும் ஆபத்து எழுந்தது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் எழுத்துக்கு மேலும் கீழும் பக்கத்திலும் வேறு நிற மையால் புள்ளி வைத்து ஒலியைக் காட்டினார்கள். எழுத்து ஒரு நிறம், ஒலிக்குறி மற்றொரு நிறம், கண் குழம்பாது. அடுத்த நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் புள்ளிகளுக்குப் பதிலாக, இன்று நம் குழந்தைகள் மக்தபில் ஓதும் குறிகளை அமைத்தார்கள். ‘உ’ ஒலிக்கான ளம்மா, ‘வாவ்’ எழுத்தின் சிறிய உருவமே. பார்த்தவுடன் ஒலி நினைவுக்கு வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நம் முன்னோர் அரபுத்தமிழை உருவாக்கியபோதும் இதே வேலையைத்தான் செய்தார்கள். ப, ட, ண, ள, ழ போன்ற, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புதிய எழுத்துகளைச் சமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல்களை நம் பாட்டிமார் படித்தது அந்த எழுத்துகளின் வழியாகவே. தமிழ் எழுத்துப் படிக்காத பெண்கள்கூடக் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டங்களைத் தமிழில் அறிந்துகொண்டார்கள். நாம் இதை இலக்கிய வரலாறு என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். எழுத்துரு வடிவமைப்புப் படிக்கும் மாணவருக்கு இது முழு ஆண்டுக்கான திட்டப்பணி.

போளூருக்கு வருவோம். அந்த மாணவியிடம் நாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டோம்: ஒரு வாரம் கணினியைத் திறக்காமல், வீட்டிலும் தெருவிலும் கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் யார் எதைப் படிக்கத் தடுமாறுகிறார்கள் என்று குறித்து வாருங்கள். மருந்துச் சீட்டு, பேருந்தின் ஊர்ப்பலகை, வங்கிப் படிவம் எனப் பலவும் குறிப்பேட்டில் ஏறின. ஆனால் அவர் கண்ணை நிறுத்திய ஒன்று அவருடைய சமையலறைச் சுவரிலேயே தொங்கியது. ஒரு கடையில் இலவசமாகக் கொடுத்த ரமழான் கால அட்டவணை. நேரங்கள் சென்னைக்கு உரியவை. மற்ற ஊர்களுக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்பது அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்கும் மேலே கடையின் பெயர், கைவிரல் உயரத்தில்.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம், கணக்கைப் பாருங்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. சென்னை ஏறத்தாழ 80.27 பாகை கிழக்கு நெட்டாங்கிலும், போளூர் ஏறத்தாழ 79.12 பாகையிலும் இருக்கின்றன. வேறுபாடு ஒன்றேகால் பாகைக்குச் சற்றுக் குறைவு. எனவே சென்னையில் சூரியன் மறைந்து நான்கரை நிமிடம் கடந்த பிறகே போளூரில் மறைகிறது. பருவத்தைப் பொறுத்து இதில் சிறு கூடுதல் குறைவு உண்டு. அடிக்குறிப்பைக் கவனிக்காமல் சென்னை நேரத்துக்கு நோன்பு திறப்பவர், பகல் முடியும் முன்பே திறக்கிறார். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்த நோன்பு, எறும்பெழுத்து ஒன்றால் பழுதாகிறது. போளூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலை. மாலைச் சூரியன் உண்மையாக அஸ்தமிக்கும் முன்பே மலைமுகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வானத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றாலும் கண் ஏமாறும். ஆகவே அங்கே அட்டவணைக்கு வேலை அதிகம்.

செயலிகள் இருக்கின்றனவே என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இஃப்தார் வேளையில் அடுப்படியில் கைநிறைய மாவோடு நிற்பவர் கைப்பேசியைத் திறப்பதில்லை, சுவரைப் பார்க்கிறார். எழுபது வயதைக் கடந்த நன்னியோ செயலியையே அறியார்.

கருத்து கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த கருத்தை வளர்ப்பதில்தான் மாணவர்கள் பொறுமை இழக்கிறார்கள். முதல் ஓவியத்தையே முடிவான ஓவியம் என்று கொண்டுவிடுகிறார்கள். இந்த மாணவி, நம் வற்புறுத்தலுக்காகவே என்றாலும், ஒரே தாளில் தபால்தலை அளவில் முப்பது கட்டங்கள் வரைந்து, முப்பது விதமாக அட்டவணையை அமைத்துப் பார்த்தார். முதல் பத்தும் பழைய அட்டவணைகளின் நிழல். பதினைந்துக்குப் பிறகே கை விடுபட்டது. நோன்பாளிக்கு ஒரு நாளில் உயிரான நேரங்கள் இரண்டு: ஸஹர் முடிவு, இஃப்தார். அவை இரண்டையும் பெரிதாக்கி, ஐவேளைத் தொழுகை நேரங்களை அடுத்த நிலைக்கு இறக்கினார். நேரங்களைப் போளூருக்கே கணித்து எழுதினால் அடிக்குறிப்பே தேவைப்படாது என்பது இருபத்தோராவது கட்டத்தில்தான் தோன்றியதாம்! இத்தனை எளிய விடைக்கு அத்தனை கட்டங்கள் தேவைப்பட்டன.

அச்சடித்த மாதிரியைச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று படிக்கச் சொன்னபோது மேலும் குறைகள் வெளிவந்தன. பளபளப்பான தாளில் டியூப்லைட்டின் ஒளி பட்டு, எண்கள் மறைந்தன. ஸஹருக்குப் பச்சையும் இஃப்தாருக்குச் சிவப்புமாகப் போட்டிருந்தார்; அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்கள் ஆண்களில் சிலருக்கு உண்டு என்பதை ஆசிரியர் நினைவூட்ட, நிறத்தை விட்டு எழுத்தின் பருமனால் வேறுபடுத்தினார். பிறை ஒருநாள் முன்பின்னாகத் தெரியலாம் என்பதால், ரமழான் தேதிக் கட்டங்களைக் காலியாக விட்டு, வீட்டாரே பேனாவால் நிரப்புமாறு அமைத்தார். நேரங்களை உள்ளூர் இமாமிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுப்பது என்றும் உறுதியாயிற்று. இந்த முறை ஆசிரியர் எங்கும் பார்த்திராத ஒன்று அவர் முன் இருந்தது.

போளூரைச் சுற்றி இன்னும் எத்தனையோ கருத்துகள் தொடப்படாமல் கிடக்கின்றன. ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் அர்ப்பணிக்கப்பட்ட அதன் தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் வழியே பார்க்கப்படும் விண்மீன்களில் பலவற்றின் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. ஆல்டெபரான் ‘பின்தொடர்வது’, ஃபோமல்ஹாட் ‘மீனின் வாய்’. பத்தாம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்கள் ஒவ்வொரு விண்மீன் கூட்டத்தையும் இரண்டு முறை வரைந்தார்கள்: தரையில் நிற்பவருக்குத் தெரிவதுபோல் ஒன்று, வான உருண்டையின் வெளியிலிருந்து பார்ப்பதுபோல் மற்றொன்று. நம் மக்தபுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு விண்மீன் வரைபடம் செய்ய இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? அதே மலையில் கிடைக்கும் கடுக்காய் தோல் பதனிடுவதற்கும், இரும்பு உப்போடு சேர்ந்து கறுப்பு மையாவதற்கும் பயன்படுவது. மலையின் மையால் மலையின் செய்தியை எழுதிப் பார்க்கும் மாணவர் ஒருவர் வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். உருவம் வரைவது குறித்த தயக்கம் சிலருக்கு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் எழுத்து, அட்டவணை, அறிவிப்பு, வழிகாட்டிப் பலகை ஆகியவையே இத்துறையின் பெரும்பகுதி. இந்தத் துறையில் பிழைக்க வழி உண்டா என்றால், நம் சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நோட்டைப் பார்க்கலாம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற ₹ குறியை உருவாக்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமார். அப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தது தமிழ் எழுத்துருக்களைப் பற்றி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டிக்கு வந்தன. தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி அவர் அமைத்தது தேர்வாயிற்று. எழுத்துகளோடு பல ஆண்டுகள் கிடந்த கண்ணுக்கே அந்தப் பொருத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி கொடுக்கும் நாம், படித்த பிள்ளையிடம், “ஒரு போஸ்டர் போட்டுத் தாம்மா, அஞ்சு நிமிஷ வேலைதானே” என்கிறோம். முப்பது கட்டங்களும் ஆறடிச் சோதனையும் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை. வரும் ரமழானுக்கு அட்டவணை அச்சடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகம், அச்சகத்துக்குக் கொடுக்கும் தொகையோடு வடிவமைப்பவருக்கும் ஒரு தொகையை ஒதுக்கட்டும். கித்மத்தாகச் செய்துதர விரும்புவோர் செய்யட்டும். அது அவர்களே முன்வந்து தருவதாக இருக்கட்டும்.

அந்த மாணவியின் மாதிரி இப்போது போளூரில் அவர் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. அத்தா அதன் முன் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தாராம். பிறகு கேட்டது ஒரே கேள்வி: “ஆரணிக்கும் இப்படி ஒன்று போட முடியுமா? உன் மாமி வீட்டுக்குக் கொடுக்கணும்.”