குமிழுக்குப் பசை போடும் மகானுபாவர்களே!

"பேஸ் கிடார்ல வால்யூம் குமிழ் ஆடுதா? ஒரு சொட்டு பசை விடு." இனி யாராவது இப்படிச் சொன்னா கடிச்சுடுவேன்! நம்பி விட்டேன். பசை உள்ளே வழிஞ்சு, குமிழ் திரும்பவே மாட்டேங்குது.

மக்களே, ரெண்டு நிமிஷ வேலைதான். குமிழோட பக்கவாட்டில் குட்டித் திருகு இருந்தா ஆலன் கீயால இறுக்குங்க. திருகு இல்லையா? குமிழை நேரா மேலே இழுத்துக் கழட்டி, பிளந்திருக்கிற தண்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால துளியூண்டு அகட்டுங்க. அடிப்பாகமும் சேர்ந்து சுத்துதா? குமிழுக்குக் கீழே இருக்கிற நட்டை இறுக்குங்க, இல்லாட்டி உள்ளே வயர் அறுந்துடும்.

1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், நம்ம மாதிரி கணக்கியல் படிச்சவர். 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வெச்சவர். கழுத்தைக்கூட திருகு போட்டுத்தான் மாட்டினார், கழட்ட வசதியா.

எங்க ஆரணியில தறி ஆடினா இறுக்குவாங்க, ஒட்ட மாட்டாங்க. ஒட்டினது ரிப்பேர் இல்லீங்க, அடுத்த ரிப்பேருக்குப் போட்ட பூட்டு!