நான் அழவில்லை, சார்!

போன வருடம் ஆபீசில் எனக்கு ஒரு பட்டப் பெயர் கிடைத்தது. 'அழுமூஞ்சி'!

மதியம் மூன்று மணி ஆனால் போதும். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன், கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர் வழியும். ஒரு ரிவ்யூ மீட்டிங்கில், "இந்த மாச டார்கெட் ஏன் முடியலை?" என்று மானேஜர் கேட்ட அதே விநாடி, இரண்டு கண்ணும் கொட்ட ஆரம்பித்தன. மனிதர் பதறிப் போய்விட்டார். "சரி, சரி, விடுப்பா... வீட்ல ஏதாவது பிரச்னையா? ரெண்டு நாள் லீவ் எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொண்டேன். வலிய வருகிற லீவை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் மகான் இல்லை.

மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, "என் தம்பி மேல இவ்ளோ பாசமா உங்களுக்கு!" என்று மனைவி நெகிழ்ந்து போனாள். மண்டபத்து ஏ.ஸி. நேராக என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்ற உண்மையை இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இந்தக் காமெடியெல்லாம் பகலில்தான். ராத்திரி பைக்கில் வரும்போது எதிரே வரும் ஒவ்வொரு லைட்டும் சிதறி, மத்தாப்பாகத் தெரியும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும்.

பக்கத்து சீட் நண்பர் ஒரு சொட்டு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். கடையில் டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. இரண்டே நாளில் சிவப்பு போய், கண் பளிச்! நண்பருக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். மருந்தை நிறுத்தினால் சிவப்பு திரும்ப வரும். நானும் திரும்ப வாங்குவேன். இப்படியே மூன்று மாதம்.

ஒரு ராத்திரி ஸ்பீட் பிரேக்கர் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்ட பிறகுதான் கண் டாக்டரிடம் போனேன்.

"உங்களுக்குக் கண் வறட்சி" என்றார் அந்த டாக்டரம்மா.

"மேடம், கர்சீப்பைப் பிழியற அளவுக்குத் தண்ணி ஊத்துது. இதுக்குப் பேரு வறட்சியா?"

சிரித்துக்கொண்டே, கீழ் இமையில் ஒரு சின்னக் காகிதத் துண்டை மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். ஷிர்மர் டெஸ்ட். 14 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. 10-க்குக் கீழே போனால்தான் தண்ணீர் சுரப்பு குறைவு என்று சந்தேகப்படுவார்களாம். (அந்த ரகமும் உண்டு. கூடவே வாய் வறண்டு, மூட்டும் வலித்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.) பிறகு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல விளக்கடியில், "இமைக்காம இருங்க" என்றார். நாலே விநாடியில் கண்ணீர்ப் படலம் அங்கங்கே கிழிந்துவிட்டது. பத்து விநாடியாவது நிற்க வேண்டுமாம்.

"தண்ணி இருக்கு சார். நிக்க மாட்டேங்குது. அது மேல மெல்லிசா எண்ணெய் பரவியிருந்தாத்தான் ஆவியாகாம நிக்கும். இமை ஓரத்துல வரிசையா எண்ணெய்ச் சுரப்பிங்க இருக்கு. உங்களுக்கு அதுல மார்கழி மாசத் தேங்கா எண்ணெய் மாதிரி உறைஞ்சு போய் உட்கார்ந்திருக்கு. கண் காய்ஞ்சு எரியுது. உடனே மேல இருக்கிற கண்ணீர்ச் சுரப்பி அலறிக்கிட்டு மொத்தத் தண்ணியையும் கொட்டுது."

ஒரு வாரம் குழாயில் சொட்டு வராமல் இருந்து, திடீரென்று லாரித் தண்ணீர் வந்து தெருவெல்லாம் ஓடுமே, அந்தக் கதை. குடத்தில் ஒன்றும் தங்காது!

எண்ணெய் வெளியே வர இமையை முழுசாக மூடித் திறக்க வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறவன், ஸ்க்ரீன் முன்னால் பாதிக்கும் கீழே போய்விடுகிறான். அதிலும் அரைகுறை இமைப்பு.

அப்புறம்தான் நண்பரின் மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினேன். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டீராய்டு. கண்ணின் பிரஷரைப் பார்த்தார். 26. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம்.

"இது வலிக்காது சார். உள்ளே பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வரும். போன பார்வை திரும்பாது."

அன்று ராத்திரி ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் காலண்டரைப் படித்துப் படித்துப் பார்த்தேன். என் பெண் அப்போது யு.கே.ஜி. அவள் தூங்கும் முகத்தையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். புட்டியை நிறுத்தியபின் ஒரு மாதம் கழித்து பிரஷர் 17-க்கு இறங்கியது. அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்டது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

வறட்சிக்கான வைத்தியம் என்னவோ பாட்டி வைத்தியம் மாதிரிதான் இருக்கிறது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிடம். சூடு பொறுக்கிற அளவு. இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவ வேண்டும். கூடவே, கெடாமல் இருக்கச் சேர்க்கும் கெமிக்கல் கலக்காத செயற்கைக் கண்ணீர். ஆபீசில் மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். ஏ.ஸி. காற்றுக்கு முதுகைக் காட்டும்படி சீட்டை மாற்றிக்கொண்டேன்.

அடியோடு போய்விடாது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். நம்பாமல் பத்து நாள் துணியை விட்டுப் பார்த்தேன். பதினோராம் நாள் லாரித் தண்ணீர்!

இப்போது தினமும் காலையில், கண்ணில் துணியோடு ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறேன். "எழுந்ததும் திரும்பத் தூக்கமா?" என்று மனைவி ஒரு தினுசாகக் கேட்கிறாள்.

போன வாரம் ரிவ்யூ மீட்டிங். டார்கெட் இந்த முறையும் முடியவில்லை. மானேஜர் என் முகத்தையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கண் காய்ந்த பாடாக இல்லை, வழியவும் இல்லை.

"வீட்ல பிரச்னையெல்லாம் தீர்ந்துடுச்சு போலிருக்கே? அப்போ சனிக்கிழமை ஆபீஸ் வந்துடுப்பா!"