ஆயில் குறைகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

''எங்களுக்கு மூன்று ஏக்கர் மரவள்ளி. இரண்டு வருடத்துக்கு முன்பு கடன் வாங்கிப் பழைய மினி லாரி ஒன்றை எடுத்தோம். எங்கள் கிழங்கையும் அக்கம்பக்கத்துக் காட்டுக் கிழங்கையும் ஆத்தூர் சேகோ ஆலைகளுக்கு ஏற்றுகிறோம். கல்வராயன் மலையிலிருந்தும் லோடு வரும். இப்போது 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் குறைகிறது. கீழே ஒழுகுவதாகத் தெரியவில்லை. இன்ஜினைப் பிரித்து ரிங், லைனர் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கிழங்குப் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். வேறு வழி உண்டா? குறையும்போதெல்லாம் புது ஆயில்தானே ஊற்றுகிறோம், தனியாக ஆயில் மாற்றவும் வேண்டுமா?''

- ஒரு வாசகர், நைனார்பாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

டீசல் இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு. பிஸ்டன் ரிங் வழுக்கி ஓட லைனர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் வேண்டும். அதில் ஒரு பகுதி டீசலோடு சேர்ந்து எரியும். எனவே ஆயில் குறைகிறது என்பதை மட்டும் வைத்து இன்ஜினைப் பிரிக்க முடிவு செய்யக் கூடாது. எவ்வளவு குறைகிறது, எந்த வழியாகக் குறைகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

முதலில் அளவு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுக்கோலைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை ஆயிலை நிரப்பி, கிலோமீட்டரை நோட்டில் குறிக்க வேண்டும். 1,000 கி.மீ. ஓடியதும், மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஆயில் ஆகிறது என்று லிட்டர் படியால் அளந்து ஊற்ற வேண்டும். இடையில் போட்ட டீசலையும் எழுதிவைக்க வேண்டும்.

லோடோடு ஓடும் மினி லாரி லிட்டருக்கு 8 கி.மீ. தருவதாக வைத்துக்கொண்டால், 1,000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர் டீசல் ஆகும். ஒரு லிட்டர் ஆயில் என்பது அதில் 0.8 சதவிகிதம். இது கவனிக்க வேண்டிய அளவுதான். வண்டியோடு வந்த கையேட்டில் எவ்வளவு வரை போகலாம் என்று இருக்கும். கையேடு இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் சுழலும்போது அதிகப்படி ஆயில் நுரைத்து, பிரீதர் வழியாக வெளியேறும். 'எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிறது' என்று சொல்லப்படும் சில வண்டிகளில் நடப்பது இதுதான்.

செலவு குறைந்த காரணங்களை முதலில் பாருங்கள்

கிழங்குக் காட்டில் நின்று வரும் வண்டியின் அடிப்பகுதியில் மண் அப்பியிருக்கும். ஒழுகும் ஆயிலை அந்த மண் உறிஞ்சிக்கொள்வதால் கசிவு கண்ணில் படாது. அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, இரவில் இன்ஜினுக்குக் கீழே பெரிய அட்டையை விரித்து வைத்தால், காலையில் சொட்டின் இடம் காட்டிக்கொடுக்கும். ட்ரெய்ன் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர் அமரும் இடம், மேல் மூடியின் கேஸ்கெட் ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிரீதர் குழாய். இது அடைத்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். சுத்தம் செய்வதற்குப் பெரிய செலவில்லை.

மூன்றாவது, ஏர் ஃபில்டர். இதில்தான் பலருடைய பணம் போகிறது. காட்டுப் புழுதியில் உள்ள நுண்மணல் ரிங்கையும் லைனரையும் அரம்போலத் தேய்க்கும். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்தால் பேப்பர் ஃபில்டர் கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் புழுதி உள்ளே போகும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ புது ஃபில்டர் போட்டும் பயனில்லை. இதைச் சரிசெய்யாமல் ரிங், லைனர் மாற்றினால், புதியதும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

புகை என்ன சொல்கிறது?

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். லோடோடு மேடு ஏறும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங், லைனர் தேய்மானமாக இருக்கலாம். டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றும்போது உள்ளே ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலைப் பார்க்க வேண்டும். கருப்புப் புகை ஆயிலால் வருவதல்ல. டீசல் சரியாக எரியவில்லை என்று பொருள்.

இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, ஆயில் மோர் நிறத்துக்கு மாறினால் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. அதேபோல, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. இதுவும் அவசரம்தான்.

இவற்றுக்குப் பிறகும் காரணம் தெரியாவிட்டால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து, அளவைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால் மெக்கானிக் சொல்வது சரி. அப்போது செலவைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. கெட்டியான ஆயிலை ஊற்றியோ, கடையில் விற்கும் மருந்தைக் கலந்தோ சமாளிப்பது சில நாள் புகையை மறைக்கும். தேய்மானம் அப்படியே இருக்கும்.

ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு

எட்டு லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் புதிது ஊற்றினால், மீதி ஏழு லிட்டர் பழையதுதான். கரியும் அமிலமும் உலோகத் துகளும் அதிலேயே இருக்கும். எனவே, குறையும்போது ஊற்றினாலும், கெடு வந்ததும் முழு ஆயிலையும் இறக்கித்தான் ஆக வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, கை சுடாத பக்குவத்தில் இறக்கினால் கசடும் சேர்ந்து வரும். கூடவே ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரமே கருப்பாவது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. கரியைத் தன்னோடு கரைத்து வைத்திருப்பது ஆயிலின் வேலை. விரலில் தேய்த்துப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட நோட்டைப் பார்ப்பதே சரி.

மலைக்குப் போகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. சமவெளியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. ஓட இரண்டரை மணி நேரம் ஆகும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் பாதையில், லோடோடு 20 கி.மீ. வேகத்தில் போனால் அதே தூரக் கணக்குக்கு இன்ஜின் ஐந்து மணி நேரம் உழைக்கும், அதுவும் தாழ்ந்த கியரில், கூடுதல் சூட்டில். கையேட்டில் 'கடின உபயோகம்' என்று தனியாகப் போட்டிருக்கும் குறைந்த கெடுவையே இப்படிப்பட்ட வண்டிகள் பின்பற்ற வேண்டும். மேடு ஏறி நின்றதும் உடனே அணைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் டர்போ ஆறும்.

ஆயிலின் தரமும் முக்கியம். டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40 என்பது பாகுத்தன்மையைச் சொல்கிறது. சிஐ-4, சிகே-4 போன்றவை தரத்தைச் சொல்கின்றன. இரண்டுமே கையேட்டோடு பொருந்த வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்-6 வண்டிகளில் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருந்தால், அதற்கென உள்ள சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். சீல் பிரிக்காத டப்பாவை ரசீதோடு வாங்குவது நல்லது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வேலிக் கம்பத்துக்குக் கரையானுக்காகப் பூசுவதும், கிணற்றோரம் கொட்டுவதும் கிராமங்களில் வழக்கமாக இருக்கிறது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. அதிலுள்ள உலோகங்களும் நச்சுப் பொருள்களும் மண்ணுக்கும் குடிநீருக்கும் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட வேண்டும். ஆயில் கேனில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

மரவள்ளியை வெட்டிவிட்டால் காத்திருக்காது. ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலை சேராவிட்டால் கிழங்கு கெட ஆரம்பிக்கும், மாவுச்சத்துப் பாயின்ட் குறையும், விலையும் இறங்கும். அதனால் நைனார்பாளையம் வாசகர் வெட்டு தொடங்கும் முன்பே கழுவுதல், பிரீதர், ஏர் ஃபில்டர் வேலைகளை முடித்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 1,000 கி.மீ. அளந்து பார்க்கலாம். குறைவது பாதியாகிவிட்டால் இந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு அடுத்து யோசிக்கலாம். அதே ஒரு லிட்டர் குறைந்தால், கம்ப்ரஷன் அளவைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுக்கு முன்பே இன்ஜின் வேலையை முடித்துவிடுவது நல்லது. பாதி வழியில் லோடோடு நின்றால், இன்ஜின் செலவோடு கிழங்கு நஷ்டமும் சேர்ந்துகொள்ளும்.